தண்ணி பாத்த வண்டி

போன வாரம் என் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, ஒரு வண்டி பாத்திருக்கேன், 2021 மாடல், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு, மத்த எடத்தவிட அம்பதாயிரம் கம்மியா சொல்றாங்க, நாளைக்கே டோக்கன் குடுத்துடவா?"ன்னு கேட்டான். கலர் என்ன, டயர் எப்படி இருக்கு, மைலேஜ் எவ்ளோன்னு எதுவும் நான் கேக்கல. "2023 டிசம்பர் நாலாம் தேதி அந்த வண்டி எங்கடா நின்னுச்சு?"ன்னு மட்டும் கேட்டேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்துல மெட்ராஸ் முங்கின நாள் அது. அவனுக்குப் புரியல. புரியவைக்க முக்கா மணி நேரம் பேசினேன், பேசினத எழுதி வச்சா வண்டி தேடிட்டு இருக்குற இன்னும் நாலு பேருக்கு உதவுமேன்னு தோணுச்சு, அதான் எழுதுறேன்.

மெட்ராஸ்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க ஆக்சிடன்ட் வண்டியான்னு பாப்பாங்க, மீட்டர் குறைச்சிருக்கான்னு பாப்பாங்க, எத்தன ஓனர்னு கேப்பாங்க. எல்லாம் பாக்க வேண்டியதுதான். ஆனா இடிபட்ட வண்டிய ஒரு நல்ல டிங்கர் ஒரு சுத்து சுத்தி வந்தாலே சொல்லிடுவாரு, பானட் போல்ட்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கு, இந்தக் கதவு மாத்தினது, இந்தப் பக்கம் பட்டி பாத்திருக்காங்கன்னு. தண்ணி ஏறின வண்டி அப்படி இல்ல. கழுவி, காயவச்சு, ஜி.பி. ரோட்டுல புது சீட் கவர் போட்டு, பாலிஷ் அடிச்சு நிறுத்தினா கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும். சீக்கு உள்ள இருக்கும், வாங்கின ரெண்டாவது மாசத்துல இருந்து ஒண்ணொண்ணா வெளிய வரும். இது எனக்குப் புத்தகத்துல படிச்சு தெரிஞ்சதில்ல, காசு குடுத்து தெரிஞ்சுகிட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்தப்ப எங்க வீட்டுல கார் கெடையாது. மடிப்பாக்கத்துல முட்டி அளவு தண்ணில அம்மாவ நாற்காலில உக்கார வச்சு நானும் அப்பாவும் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தோம், அங்க ஆட்டோவும் இல்ல ஒண்ணும் இல்ல. அன்னிக்கே அப்பா சொல்லிட்டாரு, கடன் வாங்கியாவது ஒரு வண்டி வாங்கணும்னு. சீட்டு எடுத்த பணமும் கையில இருந்ததும் சேத்து 2016 மார்ச்ல ஒரு சின்ன வண்டி வாங்கினோம், 2012 மாடல், பெட்ரோல், 2,85,000 ரூபா. அதே மாடல் மத்த எடத்துல எல்லாம் மூணே கால், மூணு நாப்பதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. புரோக்கர் "பார்ட்டிக்கு அவசரம், வெளிநாடு போறாங்க"ன்னாரு. நாங்களும் நம்ப ஆசப்பட்டோம், அதான் உண்மை. வண்டிய எடுத்துட்டு நேரா பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குப் போயி, பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தோம். அம்மா முன் சீட்டுல உக்காந்து கண்ணாடிய எறக்கி எறக்கி ஏத்தினது இன்னும் கண்ணுல நிக்குது.

அந்தக் கண்ணாடிதான் மொதல்ல போச்சு. மூணே வாரத்துல பவர் விண்டோ மோட்டார் காலி, புதுப்பேட்டைக்குப் போயி பழசு ஒண்ணு வாங்கி மாத்தினேன். அப்புறம் ஏசி புளோவர். அப்புறம் மழை இல்லாமயே ஹாரன் தானா அடிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருவே எழுந்துக்கும். இதெல்லாம் பழைய வண்டினா வரும்தானேன்னு நெனச்சுட்டு இருந்தேன். வைகாசில ஒரு கல்யாணம், பெரியப்பாவ வண்டில கூட்டிட்டுப் போனேன். அவரு நல்ல ஆகிருதி, வெள்ளச் சட்ட வெள்ள வேட்டி, முன்னாடி உக்காந்து சீட் பெல்ட்ட இழுத்து மாட்டினாரு, அவரு உடம்புக்கு அது கடைசி வரைக்கும் வந்துச்சு. மண்டபத்துல எறங்கும்போது பாத்தா நெஞ்சுக்குக் குறுக்க ஒரு செம்மண் கலர் பட்ட. தொடச்சா போகல. பெல்ட்ட மறுபடி முழுசா இழுத்துப் பாத்தேன், உள்ள சுருண்டு இருந்த கடைசி ஒன்றரை அடி முழுக்க சேறு காஞ்சு பொருக்கா ஒட்டியிருந்துச்சு. நாங்க எல்லாரும் ஒல்லி, அந்த எடம் வரைக்கும் பெல்ட் வெளிய வந்ததே இல்ல.

மறுநாள் நங்கநல்லூர்ல எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். அவரு ஒண்ணும் பேசல, டிரைவர் சீட்டுக்குக் கீழ மிதியடிய எடுத்தாரு, கார்ப்பெட் ஓரத்த ஸ்க்ரூ டிரைவரால தூக்கினாரு, விரல உள்ள விட்டு எடுத்துக் காட்டினாரு. மாவு மாதிரி நைசா வண்டல். "தம்பி, இது தண்ணி பாத்த வண்டி"ன்னாரு. அப்புறம் ஒயருங்க சேர்ற ஒரு கப்ளர கழட்டிக் காட்டினாரு, உள்ள பின்னு எல்லாம் பச்சைக் களிம்பு. செம்புக் கம்பி, தண்ணி பட்டா அன்னிக்கே போயிடாது, உள்ள ஈரம் தங்கித் தங்கி களிம்பு புடிச்சு, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு கனெக்ஷன் போயிட்டே இருக்கும், எங்க போகுதுன்னு தேடவே கூலி ஆகும்னு சொன்னாரு. அப்படியேதான் ஆச்சு. ஒன்றர வருஷத்துல தொண்ணூறாயிரத்துக்கு மேல செலவு, விலைல மிச்சம் புடிச்சது அம்பதாயிரம்.

அப்புறம் வீட்டுக்கு வந்து ஆர்சிய எடுத்துப் பாத்தேன், பழைய ஓனர் அட்ரஸ் ஜாபர்கான்பேட்டை, அடையாறு ஓரம். வாங்கும்போதே அது என் கையிலதான் இருந்துச்சு. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் சரிபாத்தேன், அட்ரஸ மட்டும் படிக்கல. அதனால மொத வேல, ஆர்சில இருக்குற அட்ரஸ படிங்க. முடிச்சூர், வெஸ்ட் தாம்பரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல்னு இருந்தா அந்த வண்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, நானே மடிப்பாக்கத்துக்காரன், ஆனா நல்லா நோண்டிப் பாக்கணும்னு அர்த்தம். 2016க்கு முன்னாடி வண்டின்னா 2015 டிசம்பர், 2024க்கு முன்னாடி வண்டின்னா மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர், இந்த ரெண்டு தேதியயும் மனசுல வச்சுக்கோங்க.

ரெண்டாவது, சர்வீஸ் ஹிஸ்டரி. ஷோரூம்ல விட்ட வண்டின்னா வண்டி நம்பர சொல்லி ஓனர வச்சு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. அதுல நீங்க பாக்க வேண்டியது கிலோமீட்டர் ஒழுங்கா ஏறிட்டு வருதான்னு, அப்புறம் அந்த டிசம்பருக்கு அடுத்த ரெண்டு மூணு மாசத்துல என்ன வேல நடந்திருக்குன்னு. ஜனவரில கார்ப்பெட் மாத்தினது, இன்டீரியர் கிளீனிங், எஞ்சின் ஆயில் கியர் ஆயில் ரெண்டும் ஒண்ணா மாத்தினது, ஏதாவது ஒரு கண்ட்ரோல் யூனிட் மாத்தினதுன்னு இருந்தா வேற வெளக்கமே வேணாம். அந்த வருஷம் மட்டும் ரெக்கார்டே இல்லாம விட்டுப் போயிருந்தாலும் யோசிங்க.

மூணாவது யாரும் பாக்காத ஒண்ணு, பழைய இன்சூரன்ஸ் பாலிசிங்க. கடைசி பாலிசி மட்டும் வாங்காதீங்க, மூணு நாலு வருஷத்துது கேளுங்க. அதுல நோ கிளெய்ம் போனஸ்னு ஒரு பர்சன்டேஜ் போட்டிருக்கும். ஒரு வருஷம் கிளெய்ம் பண்ணலனா 20, அடுத்த வருஷம் 25, அப்புறம் 35, 45, கடைசியா 50, அதோட நிக்கும். நடுவுல ஒரு கிளெய்ம் போட்டா பொதுவா அடுத்த ரினியூவல்ல சைபர். போனஸ் வண்டிக்கு இல்ல ஓனருக்கு, அதனால சிங்கிள் ஓனர் வண்டிலதான் இந்தக் கணக்கு தெளிவா தெரியும். 2023 பாலிசில 25னு இருந்து 2024 பாலிசில சைபர்னு இருந்தா நடுவுல ஒரு கிளெய்ம் போயிருக்கு. எதுக்குன்னு கேக்குறது உங்க உரிமை. பம்பர் இடிச்சதுக்கும் இருக்கலாம். அப்போ அந்த கிளெய்ம் பேப்பர காட்டட்டும்.

இனிமே வண்டிகிட்ட. பகல்ல போங்க, ஆனா கையில டார்ச் எடுத்துட்டுப் போங்க, கூட ஒரு மெக்கானிக்க கூட்டிட்டுப் போங்க, அவருக்கு ஐநூறு ஆயிரம் குடுக்கக் கணக்குப் பாக்காதீங்க. கதவத் தொறந்த ஒடனே மூக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க. ரெண்டு மூணு ஏர் ஃப்ரெஷ்னர் மாட்டி கமகமன்னு வச்சிருந்தா கண்ணாடிய ஏத்திட்டு, ஏசிய உள்காத்துல போட்டு அஞ்சு நிமிஷம் உக்காருங்க, ஈரக் கோணி நாத்தம் இருந்தா அப்போ வெளிய வரும். அஞ்சு சீட் பெல்ட்டயும் கடைசி வரைக்கும் இழுங்க, வெள்ளக் கர்ச்சீப்பால தொடச்சுப் பாருங்க. பெல்ட்டே புதுசா இருந்தாலும் ஏன் மாத்தினாங்கன்னு கேளுங்க. சீட்ட முன்னாடி தள்ளிட்டு சீட் ரெயிலயும் அதப் புடிச்சிருக்குற போல்ட்டயும் டார்ச் அடிச்சுப் பாருங்க, எட்டு வருஷ வண்டிலகூட அந்த எடம் அவ்ளோ துரு புடிக்காது. டேஷ்போர்டுக்குக் கீழ தல குடுத்துப் பாத்தா ஒயர் கட்டு தெரியும், அதுல மண்ணு தங்கி வெரப்பா இருக்கா, ஃபியூஸ் பாக்ஸ் ஓரத்துல சேறு இருக்கா பாருங்க. டிக்கில ஸ்டெப்னிய வெளிய தூக்கி வச்சுட்டு அந்தக் குழியப் பாருங்க, வண்டி கழுவுறவங்க பாதிப் பேரு அத மறந்துடுவாங்க. ஹெட்லைட்டுக்குள்ள மங்கலா ஒரு கோடு மாதிரி தெரிஞ்சா அது தண்ணி நின்ன மட்டம்.

சாவிய ஆன்ல போட்டு ஸ்டார்ட் பண்ணாம பாருங்க. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் லைட் எல்லாம் எரிஞ்சுட்டு அப்புறம் அணையணும், எஞ்சின் லைட் மட்டும் ஸ்டார்ட் பண்ண அப்புறம்தான் அணையும். அணையாம நின்னா பிரச்சன, எரியவே இல்லனா அதவிடப் பெரிய பிரச்சன, ஏன்னா யாரோ அந்த லைட்டயே புடுங்கி வச்சிருக்காங்க. நெறைய வண்டில ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் கியர் லீவர் பக்கத்துல தரையோட தரையா இருக்கும், தண்ணி உள்ள வந்தா மொதல்ல குளிக்கிறது அதுதான். ஒரு ஸ்கேனர் மாட்டிப் பாத்தா பழைய கோடு எல்லாம் காட்டும், இப்போ சின்ன ஒர்க்ஷாப்லகூட அது இருக்கு. இது உயிர் சம்பந்தப்பட்டதுங்க. ஆக்சிடன்ட் ஆகும்போது ஏர்பேக் விரியாத வண்டிய ஏமாத்தி விக்கிறவங்கள என்னால மன்னிக்கவே முடியல.

மத்த விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சீக்கிரம் சொல்லிடறேன். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 1422னா 2022ம் வருஷம் பதினாலாவது வாரம் தயாரிச்சது, பட்டன், அதாவது தரையில படுற வரி, நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷ டயர்னா மாத்துற செலவ விலைல கழிங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம், எண்ணூர் பக்கம் வெளியவே நின்ன வண்டின்னா அடிப்பக்கம் உப்புக்காத்து துரு பாருங்க. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல நம்பர் போட்டு பைன் பாக்கி, லோன் இருக்கா, எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) எது வரைக்கும், எல்லாம் பாத்துடுங்க. லோன் முடிஞ்சிருந்தாலும் ஆர்சில பேங்க் பேரு இருந்தா கடன் பாக்கி இல்லன்னு பேங்க் குடுக்குற என்ஓசியும் ஃபார்ம் 35ம் வாங்கி, ஆர்சில இருக்குற லோன் பதிவ (ஹெச்பி) கேன்சல் பண்ண அப்புறம் மிச்சப் பணம் குடுங்க. ஆடி மாசத்துல போனீங்கன்னா கொஞ்சம் பேரம் படியும், நம்ம ஊர்ல ஆடில வண்டி எடுக்க யோசிக்கிறவங்க இன்னும் நெறைய இருக்காங்க. மார்கழியும் அப்படித்தான், ஆனா மழ முடிஞ்ச ஒடனே வர்ற மார்கழி, தை மாசத்துல சந்தைக்கு வர்ற வண்டிகள ரொம்ப ஜாக்கிரதையா பாருங்க, காரணம் சொல்லவே வேணாம்.

இவ்ளோ ரிஸ்க்குனா புதுசே வாங்கிடலாமேன்னு கேப்பீங்க. முடிஞ்சவங்க வாங்கலாம். ஆனா 2023 நவம்பர்ல லைஃப் டாக்ஸ் ஏத்தினதுல இருந்து அஞ்சுல இருந்து பத்து லட்சம் வரைக்குமான காருக்கு 13%, பத்துல இருந்து இருபது லட்சம் வரைக்கும் 18%, அதையும் தாண்டினா 20% தமிழ்நாட்டுல, அது ஒரு பெரிய தொகை. செகண்ட் ஹேண்ட்ல அந்த டாக்ஸ மொத ஓனர் கட்டிட்டாரு. நல்ல வண்டியா பொறுக்கி எடுத்தா லாபம்தான், பொறுக்கி எடுக்கத்தான் பொறுமை வேணும்.

நான் அந்தப் பழைய வண்டிய வித்துட்டு 2018 ஆயுத பூஜைக்கு ஒரு புது வண்டி எடுத்தேன். இந்தத் தடவ இன்சூரன்ஸ்ல எஞ்சின் ப்ரொடெக்ட்னு ஒண்ணு சேத்தேன், வருஷா வருஷம் விடாம சேத்தேன். ஏன்னா சாதாரண பாலிசி வெள்ளத்துல சீட்டு, ஒயரிங் கெட்டுப்போனா குடுக்கும், ஆனா தண்ணி உள்ள இருக்கும்போது செல்ஃப் அடிச்சு எஞ்சின் போச்சுன்னா அத நீங்களா பண்ணிகிட்டதுன்னு சொல்லிடுவாங்க. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தா வெள்ளத்துக்கு ஒரு ரூபா வராது. நம்ம ஊருக்கு, தேய்மானம் கழிக்காம குடுக்குற பம்பர் டு பம்பர் கவரவிட இந்த எஞ்சின் கவர்தான் முக்கியம்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

எஞ்சின் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுகிட்டா ஏன் இவ்ளோ சொல்றேன்னு புரியும். சிலிண்டருக்குள்ள பிஸ்டன் காத்த அமுக்கும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியா தண்ணி உள்ள போயிருக்குற நேரத்துல நீங்க செல்ஃப் அடிச்சா பிஸ்டன் மேல வந்து தண்ணில முட்டும், கனெக்டிங் ராடு வளையும், சிலதுல பிளாக்கே ஒடஞ்சுடும். ஒரே ஒரு தடவ சாவியத் திருப்பினா போதும். அதனால வண்டி தண்ணில நின்னா, இல்ல தண்ணி வடிஞ்சு காலைல போயி பாக்கும்போது, ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கவே பாக்காதீங்க. கை சும்மா இருக்காது, தெரியும், எல்லாருக்கும் அந்த ஆச வரும். சாவிய வீட்டுலயே வச்சுட்டுப் போங்க.

2023 டிசம்பர் மூணாம் தேதி ஞாயித்துக்கெழம ராத்திரி முழுக்க மழ. அதுக்கு முன்னாடி மழைக்கெல்லாம் வண்டிய மேட்டுத் தெருவுல இருக்குற ஒரு நண்பன் வீட்டு வாசல்ல நிறுத்திட்டு வந்துடுவேன், அன்னிக்குப் பாத்து குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி ஆஸ்பத்திரி போக வேண்டி வருமோன்னு வீட்டுலயே வச்சிருந்தேன். விடியக்காலைல எழுந்து பாத்தா ஸ்டில்ட் பார்க்கிங்ல தண்ணி வீல் மட்டத்துக்கு, கரண்ட் இல்ல, டவர் இல்ல. முட்டி அளவு தண்ணில எறங்கிப் போயி பானட்டத் தொறந்து பேட்டரி நெகட்டிவ் ஒயரக் கழட்டி விட்டுட்டு, தண்ணி எவ்ளோ இருக்குன்னு தெரியுற மாதிரி நம்பர் பிளேட்டோட நாலு போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். மதியத்துக்குள்ள சீட் மட்டத்துக்கு ஏறிடுச்சு. பக்கத்துப் பள்ளிக்கரணைல ஒரு குடியிருப்புல காருங்க ஒண்ணு மேல ஒண்ணு மெதந்து போன வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, அத நாங்க ரெண்டு நாள் கழிச்சுதான் பாத்தோம்.

தண்ணி வடிஞ்ச அன்னிக்கு எங்க பில்டிங்ல ஒருத்தர், ரொம்ப நல்ல மனுஷன், அவசரமா பேங்க் போகணும்னு ஸ்டார்ட் பண்ணாரு. டங்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். அவருக்கு எஞ்சின் கவர் இல்ல. நான் ரிக்கவரி வண்டிக்கு நாலு நாள் காத்திருந்தேன், ஊர்ல அத்தன பேரு காத்திருந்தாங்க, யாரயும் குத்தம் சொல்ல முடியாது. ரிப்பேர் செலவு ஐடிவில, அதாவது பாலிசில வண்டிக்குப் போட்டிருக்குற மதிப்புல, 75 சதவீதத்த தாண்டினா டோட்டல் லாஸ்னு வண்டிய எடுத்துப்பாங்க, எனக்கு அதுக்குக் கீழதான் வந்துச்சு. எஞ்சின் தப்பிச்சுச்சு. ஆயில் எல்லாம் மாத்தி, கார்ப்பெட்டப் பிரிச்சுக் காயவச்சு, ஒயரிங்ல ஒரு பகுதிய புதுசா போட்டு, ரெண்டு மாசம் கழிச்சு வண்டி வீட்டுக்கு வந்துச்சு. அம்பது சதவீதம் இருந்த என் போனஸ் சைபர் ஆச்சு. வருத்தம் இல்ல, இதுக்குத்தானே இன்சூரன்ஸ் கட்டுறோம். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு போனஸ விடாதீங்க, இந்த மாதிரி ஒரு நாளுக்கு வச்சுக்கோங்க.

2024 அக்டோபர்ல மழ எச்சரிக்க வந்த ஒடனே வேளச்சேரி மேம்பாலத்து மேல ஜனங்க காரக் கொண்டுபோயி வரிசையா நிறுத்தினத டிவில எல்லாம் காட்டினாங்க. சிலர் கிண்டல் பண்ணாங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. இஎம்ஐ கட்டுறவங்களுக்குத்தான் அது தெரியும். உங்க தெருவுல தண்ணி நிக்கும்னா மழைக்கு முன்னாடியே மேடான எடம் ஒண்ணு பாத்துப் பேசி வச்சுக்கோங்க. மழ நேரத்துல கணேசபுரம், துரைசாமி மாதிரி சப்வே பக்கம் போகவே போகாதீங்க, முன்னாடி பஸ் போகுதே நாமளும் போலாம்னு நெனக்காதீங்க, பஸ்ஸுக்குக் காத்து எடுக்குற எடம் ஒசரத்துல இருக்கு, உங்க காருக்கு அதவிடக் கீழ இருக்கு. வேற வழியே இல்லாம கொஞ்சத் தண்ணில போயே ஆகணும்னா ஏசிய ஆஃப் பண்ணிட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல, ஆக்சிலேட்டர விடாம, ஒரே சீரா போங்க. நடுவுல நின்னுட்டா நின்னதுதான், மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க, எறங்கித் தள்ளுங்க.

விக்கிறதப் பத்தியும் சொல்லணும், அதுலயும் நம்ம ஆளுங்க ஏமாறுறாங்க. என் சித்தப்பா ஒரு பழைய வண்டிய புரோக்கர்கிட்ட குடுத்துட்டு, பேரு மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல எதுவும் எழுதாம கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டாரு. பணம் வந்துடுச்சு, மறந்துட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு வேற மாவட்டத்துல இருந்து கோர்ட் நோட்டீஸ், அந்த வண்டி ஒரு பைக்க இடிச்சிருக்கு, இன்சூரன்ஸ் இல்ல, ஆர்சில இன்னும் சித்தப்பா பேரு. வண்டி யார் யார் கையோ மாறியிருந்தாலும் ஆர்சில பேரு இருக்குறவருதான் ஓனர், அவருதான் பொறுப்புன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த மனுஷன் வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் அலஞ்சத நான் கூட இருந்து பாத்தேன். சட்டப்படி வித்தவரு 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவரு 30 நாளுக்குள்ள பேரு மாத்த அப்ளை பண்ணணும். யாருக்கு வித்தாலும் வாங்குறவரு பேரு, அட்ரஸ் எல்லாம் எழுதின ஃபார்ம்ல மட்டும் கையெழுத்துப் போடுங்க, தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட் வாங்குங்க, அந்த நேரத்துக்கு அப்புறம் பைன் வந்தா அதான் உங்களக் காப்பாத்தும். பேரு மாறிடுச்சான்னு பரிவாகன்ல நீங்களே போட்டுப் பாத்து உறுதி பண்ணுங்க. ஃபாஸ்டேக்க மூடிடுங்க. வாங்குறவங்க பக்கமும் ஒண்ணு, ஆர்சி மட்டும் மாத்தினா பத்தாது, இன்சூரன்ஸயும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, இல்லனா உங்க வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா கிளெய்ம் நிக்காது.

என் வண்டிய 2025 தீபாவளி முடிஞ்சு வித்தேன். செப்டம்பர்ல சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 ஆனதுல புது வண்டி விலையே எறங்கியிருந்துச்சு, வந்தவங்க எல்லாம் அதச் சொல்லியே கொறச்சாங்க. அதுக்கு மேல நான் வெள்ளத்த மறைக்கல. மொத போன்லயே சொல்லிடுவேன், 2023ல தண்ணி ஏறின வண்டிங்க, கிளெய்ம் பேப்பர், ரிப்பேர் பில், போட்டோ எல்லாம் ஃபைல்ல இருக்கு, வந்து பாருங்கன்னு. பாதிப் பேரு அங்கயே வச்சுட்டாங்க. கடைசில திருவொற்றியூர்ல இருந்து ஒரு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க, ஃபைல ஒவ்வொரு பக்கமா படிச்சாங்க, அவங்க மெக்கானிக் முழுசா ஒரு மணி நேரம் பாத்தாரு. மத்த வண்டியவிட அறுபதாயிரம் கம்மிக்குக் குடுத்தேன். தெரிஞ்சு வாங்கினாங்க, அவங்களுக்கு எது எப்போ மாறலாம்னு நானே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். பொங்கலுக்கு அந்தப் பொண்ணு மெசேஜ் அனுப்புச்சு, வண்டி நல்லா ஓடுதுன்னு. அக்டோபர் ரினியூவல்ல திரும்ப வந்திருந்த 20 சதவீத போனஸுக்கு இன்சூரன்ஸ் கம்பெனில லெட்டர் வாங்கி வச்சிருக்கேன், மூணு வருஷத்துக்குள்ள அடுத்த வண்டி எடுத்தா அதுக்குப் பயன்படுத்திக்கலாம். விக்கிற நெறைய பேரு இந்த லெட்டர் வாங்காமயே விட்டுடுறாங்க, கேட்டு வாங்குங்க.

தம்பி விஷயத்துக்கு வரேன். நேத்து டார்ச்சும் வெள்ளக் கர்ச்சீப்பும் எடுத்துட்டுப் போயிருக்கான். பெல்ட் சுத்தமா இருந்துச்சாம், கார்ப்பெட் புதுசாம். பழைய பாலிசி கேட்டிருக்கான், 2023ல 25, 2024ல சைபர். எதுக்குக் கிளெய்ம்னு கேட்டா பம்பர்னு சொன்னாங்களாம், சரி பேப்பர் காட்டுங்கன்னா தொலஞ்சுபோச்சாம். ஆர்சில அட்ரஸ் பெரும்பாக்கம். டோக்கன் குடுக்காம வந்துட்டான், கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு, கலர் ரொம்பப் புடிச்சிருந்துச்சாம். சனிக்கெழம போரூர்ல இன்னொரு வண்டி இருக்கு, மெக்கானிக் அண்ணன கூட்டிட்டு நானும் போறேன்.